இருவாச்சி இறங்கும் அத்திமரம்
(ஆனைமலைப் பயணத் தொடர் – 3)

சென்ற இதழில் ஆழியாறு அணைக்கரையோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பிப்ரவரி மாதம். வனத்துறைச் சோதனைச்சாவடியில் பைகளைத் திறந்து காட்டிவிட்டு மேலே கிளம்பும்போது கிழக்கே வெளுத்திருந்தது. கீழே தென்னந்தோப்பும் முள்காடுமாக இருந்த நிலம் ஒவ்வொரு வளைவிலும் நிறம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் பாறை, பிறகு மஞ்சள் புல், அதற்கும் மேலே மேகத்துக்குள் தலையை நுழைத்திருக்கும் கரும்பச்சை.

ஓட்டுநர் பொள்ளாச்சிக்காரர். பல வருடங்களாக இந்த மலையில் வண்டி ஏற்றுபவர். "ஏனுங்க சார், ஒன்பதாவது வளைவுல நிறுத்தட்டுங்களா? ஆடு நின்னாலும் நிக்குமுங்க" என்றார். லோம்ஸ் வியூ என்று பெயர்ப் பலகை வைத்திருக்கும் இடம் அது. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுதாகத் தெரியும். அவர் சொன்னதுபோலவே தடுப்புச்சுவரை ஒட்டிய பாறைச்சரிவில் வரையாடுகள் நின்றிருந்தன. பெட்டைகளும், பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளும். சற்றுத் தள்ளி, முதுகில் வெள்ளிச் சேணம் போட்டதுபோல் நரைத்த கிடா ஒன்று.

உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வாழாத விலங்கு இது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழகப் பகுதியில் 1,031 வரையாடுகள் எண்ணப்பட்டன. ஒரு கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைகூட இல்லை. 1975இலேயே இவற்றை முறையாக ஆய்வு செய்தவர் இ.ஆர்.சி. டேவிதார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7ஆம் தேதியை வரையாடு நாளாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி இவை குட்டி ஈனும் பருவம். அதற்காகவே பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவை வருடந்தோறும் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிடுகிறார்கள். இந்தச் சாலையை மூட முடியாது. அதனால் நம் நடத்தைதான் இங்கே வேலி.

நாங்கள் வண்டியைவிட்டு இறங்கவில்லை. கதவு திறக்கும் சத்தத்தைவிட மனித உருவம் முழுதாக எழுந்து நிற்பதுதான் குட்டியுள்ள தாயை மிரட்டும். அரிசி அடைத்த துணிப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டேன். மூடுபனி ஒரு வரம். வெயிலில் பாறையின் சாம்பலும் ஆட்டின் பழுப்பும் வெட்டிக்கொண்டு நிற்கும். பனியில் இரண்டும் இழைந்து, கண்ணும் கொம்பின் வளைவும் மட்டும் தெளிவாக எழும். ஒரு குட்டி செங்குத்தான பாறையில் தாவிப் பார்த்து, வழுக்கி, மறுபடி தாவியது. தாய் தலையை நிமிர்த்தாமல் புல் மேய்ந்துகொண்டே இருந்தது. அப்படி நிமிராமல் இருந்ததால்தான் அந்தப் படம் எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்கள் அங்கே இருப்பதை அது ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னால் வந்த காரிலிருந்து ஒரு குடும்பம் சிப்ஸ் பாக்கெட்டோடு இறங்கியது. எங்கள் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "அண்ணா, ஆட்டுக்கு எதுவும் போட்டுராதீங்க. அப்புறம் ரோட்டுக்கே வந்து வண்டியில அடிபடுமுங்க" என்றார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பெரும்பாலும் யாராவது பொறுமையாகச் சொன்னால் மக்கள் கேட்கவே செய்கிறார்கள் என்பது என் அனுபவம்.

அட்டகட்டி தாண்டியதும் தேயிலை தொடங்குகிறது. வால்பாறைப் பீடபூமி முழுக்க 1890களில் தொடங்கி மழைக்காட்டை வெட்டி உருவாக்கிய தோட்டங்கள். முதலில் காப்பி, பின்னர் தேயிலை. பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஒரே மாதிரிப் பச்சைக்குள் ஒரு பறவையோ குரங்கோ தங்குவதற்கு இடமில்லை. தோட்டங்களுக்கு நடுவே வெட்டாமல் விடப்பட்ட காட்டுத்துண்டுகள் தீவுகளாகக் கிடக்கின்றன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், பரம்பிக்குளம், வாழச்சால் எனப் பெருங்காடு. அந்தக் காட்டிலிருந்து தீவுக்கும், தீவிலிருந்து காட்டுக்கும் விலங்குகள் போய்வந்தபடி இருக்கின்றன. வால்பாறையில் காட்டுயிர்ப் படம் எடுப்பது என்றால் இந்தப் போக்குவரத்தைப் படம் எடுப்பதுதான்.

புதுத்தோட்டம் பகுதியில் சோலைமந்திகள் சாலையோரம் வந்துவிட்டன என்று நண்பர் தகவல் சொன்னார். அவர் இங்கேயே தங்கி மழைக்காட்டு மரங்களை ஆராய்பவர். சிங்கவால் குரங்கு என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த அதே விலங்கு. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். எழுபதுகளில் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்துக்கு எதிராக எழுந்த இயக்கத்துக்கு முகமாக நின்றது இந்த விலங்குதான். அந்தப் பள்ளத்தாக்கு 1984இல் தேசியப் பூங்காவானது.

மழைக்காட்டின் உச்சாணிக் கிளைகளிலேயே பிறந்து, தின்று, உறங்கி, தரையைத் தொடாமல் வாழக்கூடிய இனம் இது. வெடிப்பலாவின் பூவும் விதையும் இதற்கு முக்கிய உணவு. புதுத்தோட்டத்துக் காட்டுத்துண்டில் மரங்களுக்கு இடையே இடைவெளி விழுந்துவிட்டதால் கூட்டம் தரைக்கு இறங்கப் பழகிவிட்டது. வீட்டுக் கூரை, குப்பைத் தொட்டி, சாலை என எல்லா இடத்திலும் பார்க்கலாம். வண்டியில் அடிபட்டு இறந்தவையும் உண்டு. அதைத் தடுக்க, சாலைக்கு மேலே மரத்திலிருந்து மரத்துக்குத் தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். உள்ளூர் ஆட்களைக் காவலுக்கு நிறுத்தி, வண்டிகளை மெதுவாகப் போகச்சொல்கிறார்கள். கையில் பலகையோடு வெயிலிலும் மழையிலும் நிற்கும் அந்தக் காவலர்களைத்தான் நான் முதலில் போய்ப் பார்த்து வணக்கம் சொன்னேன். கூட்டம் எந்தப் பக்கம் நகரும் என்று அவர்களைவிடத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

"இன்னும் கொஞ்ச நேரத்துல பாலத்துல ஏறும் சார். நீங்க அந்தப் பக்கம் போகாதீங்க, இங்கயே நில்லுங்க" என்றார் ஒருவர். நின்றேன்.

சோலைமந்தியைப் படம் எடுப்பது ஒளியோடு நடத்தும் கடினமான பேச்சுவார்த்தை. காட்டு நிழல். அதில் கறுப்பு உடல். அந்த உடலுக்கு நடுவே வெள்ளிப் பிடரி. கேமராவின் ஒளிமானி கறுப்பைப் பார்த்ததும் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். உடல் சாம்பலாகும், பிடரி வெளுத்து ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். எனவே விலங்கு சட்டத்தை நிறைக்கும்போது ஒளியளவை ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டும். அதே விலங்கு மேலே ஏறி வெறும் வானத்துக்கு முன் உட்கார்ந்தால் கணக்கு தலைகீழாகும். அப்போது ஒரு படி கூட்ட வேண்டும். ஐ.எஸ்.ஓ. 3200க்குக் கீழே இறங்குவதற்கு இந்த நிழலில் வாய்ப்பே இல்லை. புள்ளிகள் விழும் என்று அஞ்சி ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் முகம் கலங்கிவிடும். புள்ளி விழுந்த படத்தை மன்னிக்கலாம், கண் கலங்கிய படத்தை மன்னிக்க முடியாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல்லைக் காட்டும் சோலைமந்தியின் படங்களைச் 'சிரிக்கும் குரங்கு' என்று போட்டு மகிழ்கிறார்கள். அது சிரிப்பு அல்ல. குரங்கு பல்லை இளிப்பது அச்சத்தையோ அடங்குதலையோ காட்டும். ஆண் குரங்கு கோரைப்பல் தெரிய வாயைப் பிளப்பது பெரும்பாலும் பதற்றம், இல்லையென்றால் எச்சரிக்கை. அதற்கு முன்னால் நின்று இன்னும் நாலு கிளிக் தட்டுவதைவிட, பின்வாங்குவதே அதற்கு நாம் சொல்லும் சரியான பதில்.

கூட்டம் பாலத்தில் ஏறியது. முதலில் ஒரு பெரிய பெட்டை, பின்னால் இளசுகள், கடைசியாக வயிற்றில் குட்டியை அணைத்த ஒரு தாய். கீழே அரசுப் பேருந்து ஒன்று மெதுவாகக் கடந்து போனது. பேருந்தின் கூரையும் பாலமும் குரங்கும் ஒரே சட்டத்தில் வருமாறு எடுத்தேன். காட்டுயிர்ப் படத்தில் மனிதத் தடயமே இருக்கக்கூடாது என்று ஒரு கட்சி இருக்கிறது. போட்டிகளிலும் அப்படிப்பட்ட படங்களுக்கே நெடுங்காலம் மதிப்பு இருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வால்பாறையில் சோலைமந்தி வாழும் இடம் இதுதான். பேருந்தை வெட்டி எறிந்துவிட்டு இலையும் குரங்குமாகக் காட்டினால், பார்ப்பவர் எல்லாம் நலம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

அன்று மாலை தேயிலைச் சரிவில் யானைகள் இறங்கியிருந்தன. சாலை முனையில் ஒரு கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யானை நிற்கிறது, கவனம் என்பது அதன் பொருள். கைப்பேசியிலிருந்து அழைத்து எரியவிடலாம். குறுஞ்செய்தியும் தோட்டத் தொழிலாளர்களின் கைப்பேசிகளுக்குப் போகிறது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமார் வனத்துறையோடும் தோட்டங்களோடும் மக்களோடும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு இது. 2015இல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது இதற்காகத்தான். வேலை முடிந்து இருட்டில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு நடந்து போகிறவருக்கு, வழியில் யானை நிற்பது முன்கூட்டித் தெரிந்தால் உயிர் தப்பும்.

பொன்னொளி பரவியிருந்தது. தூரத்தில் ஒரு குட்டியும் இரண்டு பெரிய பெட்டைகளும் தெரிந்தன. நண்பர் வண்டியைத் திருப்பச் சொன்னார். திருப்பிவிட்டோம். யானைக் கூட்டம் பகலெல்லாம் காட்டுத்துண்டுக்குள் காத்திருந்து, ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகுதான் தேயிலையைக் கடந்து அடுத்த துண்டுக்குப் போகிறது. அந்த நேரத்தில் வண்டிகள் குறுக்கே நின்றால் அது வழி மாறி வீடுகள் பக்கம் திரும்பும். நம் கையிலிருக்கும் கேமராவுக்கான விலையை லயத்தில் குடியிருப்பவர் கொடுக்கும்படி ஆகிவிடும்.

மறுநாள்தான் இருவாச்சி.

முந்தின இரவே டீக்கடையில் ஒருவர் மெல்லப் பக்கத்தில் வந்து, "கூடு காட்டுறேன் சார், ஆம்பளப் பறவை வந்து ஊட்டுறத நேராவே எடுக்கலாம். பணம் பார்த்துக் குடுங்க" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனென்றால் இந்தியாவில் இருவாச்சியை எடுக்க ஆசைப்படும் பலருக்கும் முதலில் தோன்றுவது கூடுதான்.

பெரிய இருவாச்சி பெருமரத்தின் இயற்கைப் பொந்தில் கூடு வைக்கும். பெட்டை உள்ளே போனதும் எச்சத்தாலும் பழச்சக்கையாலும் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளே இறகுகளை உதிர்த்துக்கொண்டு அடைகாக்கும். அடைகாலம் மட்டுமே ஏறக்குறைய நாற்பது நாள். அதன்பிறகும் குஞ்சு வளரும்வரை வாரக்கணக்கில், தாய்க்கும் குஞ்சுக்கும் வெளியுலகம் என்றால் அந்தக் கீறலும், அதன் வழியே வரும் ஆணின் அலகும்தான். ஆண் தொண்டைப்பையில் பழங்களைச் சேர்த்துக்கொண்டு வந்து, மரத்தில் தொற்றி, ஒவ்வொன்றாக மேலே கொணர்ந்து ஊட்டும். ரகுபதி கண்ணன் 1990களின் தொடக்கத்தில் இதே ஆனைமலையில் இந்தப் பறவையின் இனப்பெருக்கத்தை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இருவாச்சி கூச்ச சுபாவம் மிக்க பறவை. கூட்டு மரத்தின் கீழ் ஆள் தென்பட்டால் ஆண் நேராக வராது. தூரத்து மரத்தில் உட்கார்ந்து பார்க்கும். சுற்றி வரும். சில சமயம் அப்படியே பறந்து போய்விடும். நமக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு, அவ்வளவுதான். பறக்க முடியாமல் உள்ளே அடைந்திருக்கும் தாய்க்கு அது ஒரு வேளை உணவு. ஒருவர் போய்ப் படம் போட்டால் அடுத்த வாரம் பத்துப் பேர் வருவார்கள். மறைவுக் கூடாரம், கிளை வெட்டுதல், ஒலிபெருக்கியில் குரல் போட்டு அழைத்தல் என ஒவ்வொன்றாகச் சேரும். இதில் எந்த இடத்தில் குஞ்சு பட்டினியால் செத்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

நண்பருக்குக் கூட்டு மரமும் தெரியும், பழுத்திருக்கும் ஓர் அத்தி மரமும் தெரியும். நான் அத்தியைக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எந்தத் தோட்டத்து எல்லையில் அந்த மரம் நிற்கிறது என்று எழுதப்போவதில்லை.

இருள் பிரியுமுன் போய், மரத்திலிருந்து நல்ல தொலைவில் எதிர்ச்சரிவில் ஒரு பாறை ஓரமாக உட்கார்ந்தோம். சரிவில் உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் பறவையின் வயிறும் வெள்ளை வானமும்தான் கிடைக்கும். எதிர்மேட்டில் இருந்தால் மரத்தின் தலை நம் கண்மட்டத்துக்கு வந்துவிடும், பின்னணியில் காடு நிறையும்.

முதலில் வந்தவை குக்குறுவான்கள். அதன்பின் மலை மைனாக்கள். பிறகு வாலைத் தொங்கவிட்டபடி ஒரு மலை அணில் வந்து, ஒரு கிளையைத் தன் பேருக்கு எழுதி வாங்கியதுபோல் அமர்ந்து தின்னத் தொடங்கியது. அத்தி இன மரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் பழுப்பதில்லை. ஒன்று ஓயும்போது இன்னொன்று பழுக்கும். அதனால் மற்ற மரங்களில் ஒன்றுமில்லாத மாதங்களிலும் காடு இவற்றை நம்பிப் பிழைக்கிறது. பழம் தின்றவை விதையை வேறெங்கோ கொண்டுபோய் விடுகின்றன. தேயிலைக்கு நடுவே கிடக்கும் ஒரு காட்டுத்துண்டுக்குப் புது மரம் வருவது இப்படித்தான்.

காத்திருக்கும் நேரத்தில் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொண்டேன். 1912இல் பிறந்தவர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே வடிவமைத்த கனத்த கருவியோடு காட்டுக்குள் நடந்தவர். 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு. எடுத்தது விழுந்ததா என்று அப்போதே பார்க்க வழியில்லை. ஆகவே விலங்கை முதலில் கண்ணால் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். படத்தைப் போலவே எழுத்தும் வந்தது அதனால்தான். இன்று நொடிக்கு இருபது படம் அடிக்கும் கருவி நம் கையில் இருக்கிறது. அவர் பார்த்த அளவுக்கு நாம் பார்க்கிறோமா என்பது எனக்கு ஐயம்தான்.

வருவதைக் காதுதான் முதலில் சொன்னது. நீராவி ரயில் மலையேறுவதுபோல் மூச்சிரைக்கும் ஓசை. அது சிறகின் ஒலி. நண்பர் தோளைத் தொட்டார். பள்ளத்தாக்கின் மேலே கறுப்பும் வெள்ளையுமாக, ஐந்தடி அகலச் சிறகை நாலு வீச்சு வீசி, பிறகு மிதந்து, மறுபடி வீசி வந்தது. அத்தியின் உச்சியில் இறங்கியபோது கிளை முழுதும் வளைந்து எழுந்தது. ஆண். சிவந்த விழி. அலகின் மேலிருக்கும் கொம்புத் தொப்பியின் விளிம்பில் கறுப்பு. கழுத்தின் வெள்ளையிலும் சிறகின் பட்டையிலும் படிந்திருந்த மஞ்சள், வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அது தானே அலகால் எடுத்துப் பூசிக்கொண்டது.

அலகு நுனியால் ஒரு பழத்தைப் பறித்து, மேலே தூக்கிப் போட்டு, தொண்டைக்குள் வாங்கும். அந்தத் தூக்கிப்போடும் கணத்துக்கு 1/1600 நொடியாவது ஷட்டர் வேகம் வேண்டும். காலை வெயில் இன்னும் மரத்தைத் தொடாததால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற வேண்டியிருந்தது. பழம் காற்றில் நிற்கும் படம் கிடைத்தது. ஆனால் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. அது எல்லாப் பழத்தையும் விழுங்கவில்லை. தொண்டை புடைக்கப் புடைக்கச் சேர்த்துக்கொண்டே இருந்தது. பிறகு கிழக்குப் பக்கமாகக் காட்டுக்குள் பறந்தது. எங்கோ ஒரு மரப்பொந்தில் அதற்காக ஒரு பெட்டை காத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மரத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் எழவில்லை. கூட்டைப் படம் எடுக்காமலே அந்தக் குடும்பத்தின் கதை முழுதும் இந்தத் தொண்டைப் புடைப்பில் வந்துவிட்டது.

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக இறங்கினால் கேரளத்தின் வாழச்சால் காடு. அங்கே காடர் பழங்குடியினர் ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்தவர்கள். இன்று அதே மக்கள் ஆராய்ச்சியாளர்களோடும் வனத்துறையோடும் சேர்ந்து கூட்டு மரங்களைக் கண்காணித்துக் காவல் காக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் கூட்டு மரப் பட்டியல் நம் கைப்பேசிக்கு வராமல் இருப்பதே நல்லது.

வால்பாறைக்குப் போகும் நண்பர்களுக்குச் சிலவற்றைச் சொல்லி இந்தப் பகுதியை முடிக்கிறேன். காப்பகத்துக்குள் படம் எடுக்க வனத்துறை அனுமதி தேவை, தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். இரண்டையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். டிரோனைக் கொண்டுபோகாதீர்கள். கைப்பேசியிலும் கேமராவிலும் இடம் பதியும் வசதியை அணைத்து வையுங்கள். படத்தைப் பகிரும்போது 'ஆனைமலை' என்று போட்டால் போதும். ஜனவரி முதல் மே வரை இருவாச்சிக்குக் கூட்டுக் காலம். அந்த மாதங்களில் யார் கூடு காட்டுகிறேன் என்று கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள், பழுத்த அத்தியைக் கேளுங்கள். தற்செயலாகக் கூட்டு மரம் ஒன்று உங்கள் கண்ணில் பட்டுவிட்டால், வனத்துறைக்கு மட்டும் தெரிவித்துவிட்டு அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அடுத்த இதழில் டாப்சிலிப்.